ஆப் இருக்கட்டும், போன் யாருடையது?

பயிற்சி வகுப்புகளில் டீ இடைவேளை வந்தால் போதும், பக்கத்து ஒன்றியத்து ஆசிரியர்கள் கேட்கும் முதல் கேள்வி, "உங்க கிளாஸ்ல எந்த ஆப் யூஸ் பண்றீங்க?" என்பதுதான். ஐந்தாறு வருடம் முன்பு கேட்டிருந்தால் ஒரு பட்டியலே ஒப்பித்திருப்பேன். இப்போது, "உங்க பிள்ளைங்க வீட்டுல போன் யாரோடது, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்?" என்று திருப்பிக் கேட்கிறேன்.

என் பள்ளி ஈரோட்டுக்கும் கொடுமுடிக்கும் நடுவே, காலிங்கராயன் வாய்க்காலை ஒட்டிய ஊரில் இருக்கிறது. பெற்றோரில் பாதிப் பேர் மஞ்சள், கரும்பு, வாழைக் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் தறி, நூல் மில் ஷிஃப்ட். நான் தினமும் மாலை ஆறு மணிக்கு வீட்டுப்பாட வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, நீல டிக் விழுந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணுக்கு மட்டும் டிக் விழவே விழாது. என் நோட்டில் அவள் பெயருக்கு நேராக 'ஆர்வம் குறைவு' என்று எழுதியும் வைத்தேன். பெற்றோர் கூட்டத்தில் அவள் அம்மா சொன்னார்: "ராத்திரி ஒம்பது மணிக்கு மேலதானுங்க டீச்சர் அவங்கப்பாகூட போனும் வரும். அப்ப இவ தூங்கிருவா." ஆர்வம் குறைந்திருந்தது எனக்குத்தான், விசாரிக்கும் ஆர்வம்.

அதற்கப்புறம் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். இணையக் கருவி எதுவானாலும் வகுப்புக்குள், என் ஒரே போனிலோ பள்ளிக் கணினியிலோ முடிந்துவிட வேண்டும். பிள்ளை வீட்டுக்குப் போய்ப் போன் கேட்டு நிற்கக் கூடாது.

இப்படிப் பார்த்தால் பல கருவிகள் கழிந்துவிடும். மிஞ்சியதில் எனக்குப் பிடித்தது பிளிக்கர்ஸ். ஆளுக்கொரு காகித அட்டை. அதை எந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்கிறார்களோ அதுதான் விடை. கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு என் போன் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால், யார் என்ன விடை என்று திரையில் வந்துவிடும். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு என்பதால் பக்கத்தில் பார்த்துக் காப்பியடிக்க வழியில்லை. போனில் நெட் வேண்டும், அவ்வளவே. அட்டை கிழியாமல் இருக்கட்டும் என்று பளபள லேமினேஷன் போட்டு நான் காசைக் கரியாக்கினேன். வெளிச்சம் பட்டுத் தெறித்து கேமராவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பழைய காலண்டர் அட்டையில் ஒட்டினாலே போதும். ஆப்பில் பிள்ளைகளின் பெயருக்குப் பதில் வரிசை எண்ணைத்தான் ஏற்றியிருக்கிறேன். எந்த எண் யார் என்பது என் நோட்டில் மட்டும் இருக்கிறது.

அடுத்தது கூகுள் எர்த். நம் வாய்க்காலையே எடுத்துக்கொண்டேன். பவானி அருகே தொடங்கி கொடுமுடிப் பக்கம் வரை சுமார் 90 கிலோமீட்டர், 1283ல் முடிந்ததாகச் சொல்லப்படும் வேலை. பாம்பு ஊர்ந்த தடத்தில் காலிங்கராயன் வெட்டினார் என்ற கதையைப் பிள்ளைகள் அமுச்சி, அப்பத்தா சொல்லிக் கேட்டே வளர்ந்தவர்கள். மேலிருந்து காட்டியபோது வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. "டீச்சர், நெசமாலுமே பாம்புதானுங்க!" கதையோடு விட்டிருந்தால் அது வெறும் படம் காட்டுவதாகப் போயிருக்கும். வாய்க்கால் தொடங்கும் இடத்தின் உயரத்தையும் கடைசி முனையின் உயரத்தையும் திரையில் பார்த்துக் குறிக்கச் சொன்னேன். "நேரா வெட்டியிருந்தா தூரம் கம்மிதானே, எதுக்கு வளைச்சாங்க?" என்று கேட்டுவிட்டு அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டேன். மேடு வந்தால் தண்ணி ஏறாது, பள்ளத்தில் விட்டால் வேகமாக ஓடிக் கரையை அறுக்கும், அதனால் மேட்டைச் சுற்றிச் சுற்றிப் போகிறது என்று சொன்னவன், அப்பாவோடு தண்ணி கட்டப் போகிற பையன். பரீட்சையில் அவன் கடைசி வரிசை. ஒரு எச்சரிக்கை: எர்த் காட்டும் உயரம் சில மீட்டர் முன்பின் இருக்கும். முனைக்கு முனை ஒப்பிடலாம். அடுத்தடுத்த வளைவுகளை ஒப்பிட்டுக் கணக்குப் போட வைக்காதீர்கள்.

மின்சுற்றுப் பாடத்துக்கு ஃபெட் (PhET). அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் கருவி. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது, இலவசம். வீட்டிலேயே இறக்கிப் பென்டிரைவில் எடுத்துப் போனால் நெட் இல்லாமலும் பிரவுசரில் ஓடும். ஷார்ட் சர்க்யூட் செய்தால் திரையில் தீப்பிடிக்கும், கை சுடாது. தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு ஃபியூஸைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றும் மிச்சமில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வருடத் தொடக்கத்தில் கூகுள் ஃபார்மில் பெற்றோர் விவரம் கேட்டேன்: பிள்ளையின் பெயர், அப்பாவின் வேலை, போன் நம்பர். விடைச் சுருக்கத்தைக் காட்டும் வசதி ஒன்று அமைப்புகளில் இருந்தது. அவரவர் அனுப்பியது அவரவருக்குத் தெரியும் போல என்று நினைத்து அதை ஆன் செய்தேன். உண்மையில் அது அனுப்பிய எல்லாருக்கும் எல்லாருடைய பதிலையும் காட்டுகிற வசதி. இரண்டு நாள் கழித்து ஒரு அப்பா கூப்பிட்டு, "ஏனுங்க டீச்சர், ஊர்ல இருக்கிறவங்க நம்பரெல்லாம் இதுல வருதே?" என்ற பிறகுதான் தெரிந்தது. 'உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க' என்று ஏமாற்ற நினைக்கிறவனுக்கு இப்படி ஒரு பட்டியல் போதுமே. பிள்ளையின் பெயரைச் சரியாகச் சொன்னால் எந்தத் தாயும் நம்புவாள். உடனே மூடிவிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் செய்து தப்பு என்னுடையது என்றேன். அப்படிக் கால் வந்தால் ஓடிபி சொல்ல வேண்டாம், பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குக் கூப்பிடுங்கள் என்றும் சொன்னேன். அன்று திட்டியவர்களைவிட, "அதுக்கென்னுங்க, உடுங்க" என்று சிரித்தவர்கள்தான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தார்கள்.

அதனால் ஃபார்ம் அனுப்பும் முன் வேறொரு போனில் திறந்து, நாமே ஒரு முறை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். பதில்கள் சேரும் ஷீட்டின் பகிர்வு 'லிங்க் உள்ள யாரும்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொன்று, லாகின் கேட்கும் கருவிகள். பிள்ளை உள்ளே நுழைவது அப்பாவின் கணக்கில். ஒரு முறை விடைத்தாள்களுக்கு நடுவே ஒரு லாரி புக்கிங் ஆபீஸ் பெயரில் பத்துக்கு எட்டு மார்க் வந்திருந்தது. சிரித்தோம்தான். ஆனால் அந்தக் கணக்கில் அவருடைய தொழில் மெயில் எல்லாம் இருக்கும். 2023ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே சொல்கிறது. அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதத்தை முக்கியமாக வைக்கிறது. லாகின் இல்லாமல் வேலை நடக்கும் கருவி இருந்தால் அதுவே முதலில்.

பிள்ளைகளின் போட்டோவை இணையத்தில் போடுவதற்கும் இப்போது தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். போன வருடம் ஒரு அமுச்சி கைநாட்டு வைக்கும் முன் கேட்டார்: "எம் பேத்தி போட்டாவ எங்க கண்ணு போடுவ?" வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ஃபேஸ்புக் என்று விளக்கினேன். யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று கேட்டார். எனக்கே தெரியாது என்றேன். "அப்ப வேண்டாங் கண்ணு, காயிதத்துல எடுத்துச் செவுத்துல ஒட்டிரு. நான் வந்து பாத்துக்கறேன்."

ஒட்டினோம். வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகும் வழியில் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.