டிஷ்யூ கல்ச்சர் இலுப்பையா? தாய்மரம் எது என்று கேளுங்கள்

போன வாரமும் ஒரு விவசாயி வந்தார். நிலம் முழுக்க டிஷ்யூ கல்ச்சர் (செடியின் சிறு திசுவை ஆய்வகக் குப்பியில் வளர்த்துக் கன்றாக்கும் முறை) இலுப்பை நட்டுவிட்டாராம். 'வீரிய ரகம், மூணே வருஷத்தில் காய்க்கும்' என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். எந்த மரத்தின் திசு என்று கேட்டேன். "அதெல்லாம் லேப்ல தயார் பண்ணதுங்க" என்றார். இந்தப் பதிலை இன்னும் எத்தனை பேரிடம்தான் கேட்பது!

டிஷ்யூ கல்ச்சர் புது ரகம் எதையும் உண்டாக்காது, மரபணுவை மாற்றுவதும் இல்லை. இருக்கிற செடியைப் பெரும்பாலும் அப்படியே நகலெடுக்கும், அவ்வளவுதான். காய்க்காத மரத்திலிருந்து எடுத்தால் காய்க்காத கன்றுகள்தான் ஆயிரக்கணக்கில் வரும். வாழையில் இந்த முறை ஜெயித்ததென்றால், அங்கே தாய் எது, தார் எப்படி வரும் என்பதெல்லாம் முன்பே தெரியும். இலுப்பை அப்படியா? நம் ஊர்களில் நிற்பவை பெரும்பாலும் கொட்டையிலிருந்து முளைத்தவை. அதுவும் அயல் மகரந்தச் சேர்க்கையில் உண்டான கொட்டை. அதனால் ஒரே தோப்பில் ஒரு மரம் மூட்டை மூட்டையாகக் கொட்டும், பக்கத்து மரம் பேருக்குக் காய்க்கும். கொட்டையின் அளவும் எண்ணெயும்கூட மரத்துக்கு மரம் மாறும்.

இன்னொன்றையும் விற்பவர்கள் சொல்வதில்லை. முதிர்ந்த இலுப்பையின் திசுவைக் குப்பியில் வளர்ப்பது கஷ்டம், பால் வடியும், வெட்டிய இடம் கருத்துப்போகும், பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். அதனால் கொட்டையை முளைக்கவைத்து, அந்த இளங்கன்றின் நுனியைக் கிள்ளிப் பெருக்குவதுதான் ஆய்வகத்துக்குச் சுலபம். அந்தக் கன்று காய்க்குமா என்று யாருக்கும் தெரியாது. அதன் நகலும் சாதாரண நாற்றைப் போலவே பல வருஷம் கழித்துத்தான் பூக்கும்.

சரி, வாங்கியே ஆக வேண்டுமென்றால் தாய்மரத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள். கன்றும் தாயும் ஒன்றுதானா என்று பார்க்கும் மரபணு ஒற்றுமைச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள், கேலஸ் (உருவமில்லாத திசுக்கட்டி) வழியாகப் பெருக்கிய கன்றுகளில் மாறுபாடு வர வாய்ப்பு அதிகம். குப்பியிலிருந்து எடுத்ததும் நிழல்வலையில் வைத்துப் பழக்காத கன்றைத் தொடாதீர்கள், வெயிலில் வாடிவிடும். முக்கியமாக, ஒரே தாயின் நகலை நிலம் முழுக்க நடாதீர்கள். ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒரே மாதிரி விழும். ஏழெட்டுத் தாய்மரங்களின் கன்றுகளையாவது கலந்து நடுங்கள்.

சிலருக்கு டிஷ்யூ கல்ச்சரே தேவையில்லை. நன்றாகக் காய்க்கும் மரத்தின் குச்சியை எடுத்து நாற்றில் ஒட்டுக் கட்டினாலே போதும், சீக்கிரம் பூக்கும். நாற்றுக்கு ஆனி, ஆடியில் விழும் கொட்டையை உடனே விதையுங்கள், காயவைத்துச் சேமித்தால் சில வாரங்களிலேயே முளைப்புத்திறன் போய்விடும்.

உங்கள் ஊரில் வருஷம் தவறாமல் காய்க்கும் கிழட்டு இலுப்பை இருந்தால், தயவுசெய்து அதை விறகுக்கு விற்றுவிடாதீர்கள். கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்துக்கோ மேட்டுப்பாளையம் வனக்கல்லூரிக்கோ ஒரு தகவல் கொடுங்கள்.