புது மட்கார்டு ஏன் பொருந்த மாட்டேன் என்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "1951ஆம் ஆண்டு செவர்லே பிக்கப் ஒன்றைச் சீர்செய்துகொண்டிருக்கிறேன். முன் சஸ்பென்ஷனை மாற்றி வண்டியைத் தாழ்த்தியாயிற்று. துருப்பிடித்த மட்கார்டுகளுக்குப் பதிலாகப் புதியவை வாங்கினேன். அதே அளவு, அதே வடிவம் என்றுதான் விற்றார்கள். மாட்டிப் பார்த்தால் பின்பக்கத் துளை 6 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?"

ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. அந்த 6 மில்லிமீட்டரில் ஒரு பங்கு உங்கள் வண்டியிலேயே இருக்கலாம். இன்னொரு பங்கு, அந்தத் தகடு அழுத்துப்பொறியின் பிடியிலிருந்து விடுபட்ட நொடியில் உண்டானது. எனக்கு மிகவும் பிடித்தது அந்த நொடிதான்.

கம்பியை இழுத்தால் நீளும், விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பும், மீட்சி எல்லையைத் தாண்டி இழுத்தால் திரும்பாது என்று பள்ளியில் படித்திருப்போம். கடைசிப் பகுதி முழு உண்மை இல்லை. எல்லை தாண்டிய கம்பியும் விட்டவுடன் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். மென்மையான சாதாரண எஃகில் அந்தக் 'கொஞ்சம்' சுமார் 0.1 சதவீதம், ஆயிரத்தில் ஒரு பங்கு. மீட்சி எல்லை வருவதும் ஏறக்குறைய அதே 0.1 சதவீத நீட்சியில்தான். இவ்வளவுதானா என்று தோன்றும். தகட்டை வளைக்கும்போதுதான் அது என்னவெல்லாம் செய்யும் என்று தெரியும்.

ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டை எடுத்துக்கொள்வோம். வளைத்தால் வெளிப்புறம் நீளும், உள்புறம் சுருங்கும், நட்டநடுவில் ஒரு மாற்றமும் இருக்காது. வெளிப்பரப்பு எவ்வளவு நீளும் என்று அறிய, பாதித் தடிமனை வளைவின் ஆரத்தால் வகுத்தால் போதும். ஆரம் 500 மி.மீ. என்றால் 0.5-ஐ 500-ஆல் வகுக்கிறோம். கிடைப்பது அதே 0.1 சதவீதம்! அதாவது அரை மீட்டர் ஆரத்துக்கு வளைத்தும் தகட்டின் எந்தப் பகுதியும் எல்லையைத் தாண்டவில்லை. கையை எடுத்தால் மறுபடி நேராகிவிடும்.

ஆரத்தை 300 மி.மீ. ஆக்குங்கள். இப்போது வெளியே 0.2 மி.மீ., உள்ளே 0.2 மி.மீ. எல்லையைத் தாண்டிவிட்டன. நடுவிலுள்ள 0.6 மி.மீ. இன்னும் தாண்டவில்லை. பிடியை விட்டதும் ஒரே தகட்டுக்குள் இழுபறி தொடங்குகிறது. நடுப்பகுதி முழுக்க நிமிரப் பார்க்கிறது. இரண்டு ஓரங்களும் தமக்கு வந்த புது வளைவை விட மறுக்கின்றன. இரண்டும் சமரசமாகும் இடத்தைக் கணக்குப் போட்டால், 300 மி.மீ. ஆரம் விரிந்து ஏறக்குறைய 1,440 மி.மீ. ஆகிறது. அதே தகட்டை 10 மி.மீ. ஆரத்துக்கு மடக்கினால் நடுவில் தாண்டாத பகுதி 0.02 மி.மீ. மட்டுமே. விட்ட பிறகும் ஆரம் சுமார் 10.3 மி.மீ. மட்டுமே.

இறுக்கமான மடிப்பு சொன்ன சொல் தவறாது, அகலமான மெல்லிய வளைவு தவறும். ஏட்டில் படித்தபோது எனக்கு இது உறைக்கவில்லை. ஒரு நாள் 200 லிட்டர் பீப்பாய் மேல் தகட்டுப் பட்டை ஒன்றை நன்றாக ஒட்டி அழுத்திப் பிடித்தேன். பீப்பாயின் ஆரம் 30 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விட்டதும் பட்டை துள்ளி விரிந்தது. தரையில் வைத்துப் பார்த்தால், வளைந்திருக்கிறது என்று சொல்ல உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. கணக்கு கண்முன் நடந்த அந்தக் கணத்தை மறக்க முடியவில்லை.

அந்தக் கால பிக்கப்பின் மட்கார்டை நினைத்துப் பாருங்கள். விளிம்பு மடிப்புகள் எல்லாம் இறுக்கமானவை. ஆனால் அதன் அழகு முழுவதும் உருண்டு திரண்ட அந்த முதுகில், அதாவது சொல் தவறுகிற வளைவில், இருக்கிறது.

இதற்கு அழுத்துப்பொறிக்காரர்கள் கண்ட வழி, வளைக்கும்போதே இழுப்பது. தகட்டின் ஓரங்களை ஒரு சட்டம் இறுகப் பிடித்துக்கொள்ளும். மேளத்துக்குத் தோல் இழுத்துக் கட்டுவதுபோல, அச்சின் மேல் தகடு இழுபட்டுப் படியும். உள்புறம், நடு, வெளிப்புறம் மூன்றுமே நீட்சியில் எல்லையைத் தாண்டிவிடுவதால் உள்ளே பெரிய இழுபறி இருக்காது. மிச்சமிருக்கும் மீள்வை ஈடுகட்ட, வேண்டியதைவிடச் சற்று அதிக வளைவோடு அச்சையே செதுக்குவார்கள்.

சிக்கல் இங்கேதான். பழைய மட்கார்டு என்பது அந்த அச்சின் வடிவம் அல்ல. அச்சிலிருந்து விடுபட்டு விரிந்த பிறகு கிடைத்த வடிவம். இன்று அதை அளந்து அப்படியே புது அச்சாக்கினால், அதில் பிறக்கும் மட்கார்டு இன்னொரு முறை விரியும். தகடு பழையதைவிட மெல்லியதாக இருந்தால் இன்னும் கூடுதலாக விரியும். 100 மி.மீ. ஆரத்துக்கு வெறுமனே வளைத்தால் 1.2 மி.மீ. தகடு 133-இல் நிற்கும், 0.8 மி.மீ. தகடு 158 வரை போகும். கவனமாகச் செய்பவர்கள் கணினியில் கணக்கிட்டு அச்சைத் திருத்துகிறார்கள். எல்லோரும் செய்வதில்லை.

எஃகு வலுவாக இருந்தால் சரியாகிவிடுமா? நேர்மாறு. வலுவை மூன்று மடங்காக்கினாலும் யங் குணகம், அதாவது எஃகின் விறைப்பைச் சொல்லும் அளவு, 200 கிகாபாஸ்கலை ஒட்டியே நிற்கிறது. அதனால் மீளும் பங்கும் மூன்று மடங்காகிறது. நவீன கார்களின் வலுமிக்க எஃகை அச்சுக்கு அடக்க இத்தனை ஆராய்ச்சி தேவைப்பட்டது அதனால்தான். தகடு வளைக்கும் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் ராக்கெட்டுக்குக் கிடைக்கும் கைதட்டல் கிடைக்காது. கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் இதில் உயிர்கள் இருக்கின்றன. 'அந்தக் காலத்து இரும்பு, மோதினாலும் அசையாது' என்ற மூடநம்பிக்கை இன்னும் போகவில்லை. 2009-இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம், 1959 செவர்லே பெல் ஏர் காரையும் 2009 செவர்லே மாலிபு காரையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பழைய காரின் பயணியர் அறை நொறுங்கி உள்வாங்கியது. புதியதில் அது உருக்குலையாமல் நின்றது. பழைய வண்டியை நேசிப்பவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு நேசிக்க வேண்டும்.

இனி உங்கள் வண்டியின் பங்கு. எல்லா போல்ட்டையும் தளர்வாகப் போட்டு, வண்டியைச் சக்கரங்களில் நிறுத்திய பிறகே அளக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி நிறுத்திய சேசிஸ் வேறு விதமாக முறுக்கிக்கொள்ளும். முதலில் கதவைச் சரிசெய்யுங்கள், அதை வைத்துத்தான் மட்கார்டு. அடுத்து ரேடியேட்டர் தாங்கியைப் பாருங்கள். சஸ்பென்ஷன் மாற்றியபோது அது ஏறியோ இறங்கியோ இருக்கலாம். மட்கார்டு ஒரு நெம்புகோல் மாதிரி. 1,200 மி.மீ. நீளமும் பின்புறம் 600 மி.மீ. உயரமும் இருந்தால், முன்னால் 6 மி.மீ. ஏறும்போது பின்புற மேல்முனை 3 மி.மீ. கதவை நோக்கி நகரும். தாங்கியின் கீழே ஒரு ஷிம்மை, அதாவது இடைவெளி நிரப்பும் மெல்லிய தகட்டுத் துண்டை, சேர்த்தோ எடுத்தோ பார்த்தால் பாதித் தலைவலி தீரக்கூடும்.

தாழ்த்திய வண்டி என்பதால் இன்னொன்றும் முக்கியம். ஸ்பிரிங்கைக் கழற்றி, சக்கரத்தை அது போகக்கூடிய உச்சம் வரை ஜாக்கியால் உயர்த்தி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். டயர் எங்கே உரசும் என்பது பெயின்ட் அடிக்கும் முன் தெரிந்துவிடும்.

அப்போதும் துளை சேரவில்லை என்றால் போல்ட்டை முறுக்கி வலுக்கட்டாயமாக இழுக்காதீர்கள். இழுத்துக் கட்டிய தகடு மீளத் துடித்துக்கொண்டே இருக்கும். அதோடு சாலையின் அதிர்வும் சேர, துளையைச் சுற்றி முதலில் பெயின்ட் வெடிக்கும், பிறகு தகடே கீறும். உள்ளே மடிந்திருக்கும் விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குங்கள். டிங்கரிங் வேலை செய்பவர்களிடம் இதற்கென்றே ஒரு கருவி உண்டு. அதன் இரண்டு தாடைகள் தகட்டைக் கவ்வி ஒன்றையொன்று நோக்கி நகரும். மடிப்பு சுருங்கச் சுருங்க முதுகு வளைந்து உள்ளே வரும். மிஞ்சிப் போனால் அதே கருவியின் நீட்டும் தாடைகளால் திரும்ப விரிக்கலாம். இரண்டு கடி, ஒரு முறை பொருத்திப் பார்ப்பது, மறுபடி இரண்டு கடி. அந்தத் துளையில் போல்ட் விரலாலேயே இறங்கும்வரை ஸ்பேனரை எடுக்க வேண்டாம்.