ஜிமிக்கியைத் துரத்தும் மீன்

"மாமா, இது மீன் மாதிரியே இல்லையே. அம்மாவோட ஜிமிக்கி மாதிரி இருக்கு" என்றான் அக்கா மகன். சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கக் கரை, சனிக்கிழமை காலை ஏழரை மணி. அவன் கையில் இருந்தது ஸ்பின்னர்பெய்ட் என்ற செயற்கைத் தூண்டில் இரை. அவன் சொன்னதில் தப்பே இல்லை. V போல வளைத்த எஃகுக் கம்பி. கீழ் நுனியில் ஈயத் தலை, அதோடு தூண்டில் முள், முள்ளைச் சுற்றி ரப்பர் குஞ்சம். மேல் நுனியில் கரண்டி போலக் குழிந்த தகடு ஒன்று. வால் கிடையாது, செதில் கிடையாது. ஆனாலும் இதைப் பெரிய மீன்கள் வெறியோடு துரத்துகின்றன. ஏன்?

நம் நீர்த்தேக்கங்களில் மீன்பிடிக்க ஒதுக்கிய இடங்களில்தான் தூண்டில் போடலாம். அங்கேயும் செயற்கை இரை மட்டும்தான். பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி இது. மண்புழுவின் வாசனை உதவாத இடத்தில், மீனின் மற்றப் புலன்களோடுதான் பேசியாக வேண்டும். ஸ்பின்னர்பெய்ட் அதற்கென்றே பிறந்தது.

எந்த மீனைப் பிடிக்க என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'பாஸ்' என்ற பெயர் குழப்பும். ஸ்பின்னர்பெய்ட் புகழ்பெற்றது வட அமெரிக்காவின் லார்ஜ்மவுத் பாஸ் மீனால். இங்கே நம் தூண்டிலில் மாட்டுவது பீகாக் பாஸ். தென் அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே பெருகிவிட்ட மீன். திலாப்பியாவின் குடும்பம்தான் அது, லார்ஜ்மவுத்தின் குடும்பம் இல்லை. கடையில் சீ பாஸ் என்று விற்கும் நம் கொடுவாய் இன்னொரு குடும்பம். மூன்றுக்கும் பொதுவாக இருப்பது வேட்டைக் குணம், அப்புறம் உடம்பின் பக்கத்தில் ஓடும் ஒரு கோடு.

அந்தக் கோட்டைப் பார்க்கத் தூண்டில் வேண்டாம். அடுத்த முறை தேக்கா சந்தையில் கொடுவாய் வாங்கும்போது, வெட்டக் கொடுப்பதற்கு முன் அதன் விலாவை உற்றுப் பாருங்கள். செவுள் மூடியிலிருந்து வால்வரை ஊசியால் தையல் போட்டதுபோல ஒரு மெல்லிய கோடு ஓடும். அதிலுள்ள செதில் ஒவ்வொன்றிலும் நுண்ணிய துளை. துளைகளுக்கு அடியில் ஒரு குழாய், குழாய்க்குள் கூழ்மூடி போட்ட மயிர்செல்கள். வெளியே தண்ணீர் அசைந்தால் கூழ் சாயும், மயிர் வளையும், நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகும். இதைத்தான் பக்கக்கோடு என்கிறார்கள். ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள மெதுவான அதிர்வுகள்தான் இதற்குப் புரியும். ஒரு சின்ன மீன் வாலை ஆட்டினால் எழும் அதிர்வு அந்த வரம்புக்குள் வருகிறது.

இப்போது தகட்டுக்கு வருவோம். தூண்டில் நரம்பைச் சுருட்டும் ரீலைச் சுற்றியதும் தகட்டின் குழிந்த முகத்திலும் புடைத்த முகத்திலும் தண்ணீர் ஒரே மாதிரி வழுக்குவதில்லை. அந்த வேறுபாடு தகட்டைத் தள்ள, அதைக் கம்பியோடு இணைக்கும் சுழலி தடையில்லாமல் சுற்றவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் தகடு தண்ணீரை ஒரு பக்கம் உதைக்கிறது. எதிர்விசையில் கம்பி முழுவதும் நடுங்குகிறது. பின்னால் சின்னச் சின்ன நீர்ச்சுழிகள் வால்போல நீள்கின்றன. பார்வைக்கு ஜிமிக்கியாக இருந்தது, தண்ணீருக்குள் நீந்தும் மீனின் தடத்தை எழுதிக்கொண்டே போகிறது.

தகட்டின் வடிவம் இதனால்தான் முக்கியம். வட்டமான கொலராடோ தகடு நிறையத் தண்ணீரைப் பிடிக்கும். மெதுவாக இழுத்தாலும் 'டம், டம்' என்று கனமாகத் துடிக்கும். ஒடுங்கிய வில்லோ இலைத் தகடு கம்பியை ஒட்டிச் சுற்றும். துடிப்பு குறைவு, மினுக்கு அதிகம். அந்த மினுக்கும் வீணில்லை. கூட்டமாகப் போகும் சிறுமீன் திடீரென்று புரளும்போது விலாவில் வெளிச்சம் தெறிப்பது போலவே அது இருக்கும்.

பக்கக்கோடு எட்டும் தூரம் குறைவு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மீனின் உடல் நீளத்தைப் போல ஒன்றிரண்டு மடங்கு, அவ்வளவுதான். 40 சென்டிமீட்டர் மீனுக்கு ஒரு மீட்டர் தாண்டினாலே அது மங்கிவிடும். தூரத்திலிருந்து அழைப்பவை கண்ணும் உட்காதும். கடைசிக் கடிக்குக் குறிபார்த்துக் கொடுப்பது பக்கக்கோடு. ஆகவே தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கும் கிளையோ பாறையோ தெரிந்தால், இரையை அதற்கு அப்பால் வீசி, அதை உரசினாற்போல் கொண்டுவாருங்கள். முள் மேல்நோக்கி நிற்பதாலும், மேல்கம்பி அதற்கு முன்னால் குடை பிடிப்பதாலும் ஸ்பின்னர்பெய்ட் சுலபமாகச் சிக்காது. கிளையில் முட்டித் துள்ளும் அந்தக் கணத்தில்தான் பல கடிகள் விழுகின்றன.

அமெரிக்கக் குறிப்புகளில் வசந்தம், இலையுதிர் காலம் என்று பருவம் பருவமாகப் பிரித்துச் சொல்வார்கள். குளிர்ந்த நீரில் மீனின் உடல் இயக்கமே தளர்ந்துவிடும். அங்கே இரையை அடிமண்ணை ஒட்டி மெல்ல உருட்டுவது பொருத்தம். நம் தண்ணீர் வருடம் முழுவதும் வெதுவெதுப்பு, பீகாக் பாஸ் பகலில் கண்ணால் வேட்டையாடும் மீன். இங்கே நான் பார்ப்பது தெளிவை மட்டும்தான். தெளிந்த நீரில் வில்லோ இலை, வேகமான இழுப்பு. டிசம்பர் மழைக்குப் பின் கலங்கிய நீரில் கொலராடோ, நிதானமான இழுப்பு. ஆழம் சட்டென்று இறங்கும் விளிம்பில் ரீலை நிறுத்தி, தூண்டில் நரம்பை லேசாக இறுக்கிப் பிடித்தபடியே இரையை விழவிடுங்கள். தகடு ஹெலிகாப்டர் போலச் சுற்றிக்கொண்டே இறங்கும். மீன் பின்தொடர்வது தெரிந்தால் பலரும் பதறி வேகத்தைக் குறைப்பார்கள். பீகாக் பாஸிடம் அது எடுபடுவதில்லை. தப்பியோடும் இரை வேகம் கூட்டத்தான் செய்யும், நீங்களும் கூட்டுங்கள்.

கட்டும் விதத்தில் ஒன்று. கம்பியின் வளைவு திறந்திருந்தால், திறந்து மூடும் ஸ்னாப் கொக்கி போடாதீர்கள். அது மேல்கம்பியில் ஏறிக்கொண்டு இரையைக் கோணலாக்கும். நரம்பை நேராக வளைவிலேயே முடிச்சுப் போடுங்கள். சுழலி துருப்பிடித்திருக்கிறதா என்றும் ஊதிப் பாருங்கள். ஊதினால் தகடு சுற்ற வேண்டும்.

"கண்ணை மூடிக்கிட்டு சுத்துடா" என்றேன் அவனிடம். தகட்டின் துடிப்பு நரம்பு வழியாகக் கழிக்கு ஏறி உள்ளங்கைக்கு வரும். தண்ணீருக்குள் மீன் எதை உணர்கிறதோ, அதன் மறுமுனை நம் கையில் இருக்கிறது. பல நேரம் மீன் கழியை வெடுக்கென்று இழுக்காது. பின்னாலிருந்து வந்து, வாயைத் திறந்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சும். நரம்பு தொய்யும், தகடு நிற்கும். கைக்குத் தெரிவது அந்த அமைதி மட்டும்தான்.

ஒன்பது மணி இருக்கும். "மாமா, நின்னுபோச்சு!"

"இழு!"

பொன்மஞ்சள் உடம்பு, மூன்று கருப்புப் பட்டை, வாலில் வளையமிட்ட கண்பொட்டு. முள்ளைக் கழற்றும்போது ஈர விலாவை அவனிடம் காட்டினேன். கொடுவாயில் ஒரே ஓட்டமாகப் போகும் கோடு, இதில் நடுவில் அறுந்து, கொஞ்சம் கீழே இறங்கி, மறுபடி வால்வரை ஓடுகிறது. திலாப்பியாக் குடும்பத்து மீன்கள் பலவற்றின் அடையாளம் அது. விரலால் தொடாமல், குனிந்து, அவன் அந்தத் துளைகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினான்.