ஜூலைக்கு முன்பே கேட்ட கேள்விகள்

அமெரிக்காவில் மருத்துவம் படித்து முடித்தவர்களுக்கு முதலாண்டுப் பயிற்சி பெரும்பாலும் ஜூலையில் தொடங்குகிறது. ஜூன் வரை மாணவர். ஜூலையில் ஒரு வார்டின் இரவு முழுவதும் அவர் தலையில். மன அழுத்தம் எப்போது வந்து சேரும் என்று தேதியோடு தெரிவது அபூர்வம். ஆய்வாளர்களுக்கு இது வலிய வந்த வாய்ப்பு.

மிச்சிகன் பல்கலைக்கழக மனநல மருத்துவர் ஸ்ரீஜன் சென்னும் குழுவினரும் அதைப் பற்றிக்கொண்டார்கள். 13 மருத்துவமனைகளில் சேரவிருந்த 740 பேரின் குணங்களைப் பயிற்சிக்கு முன்பே அளந்தார்கள். சூட்சுமம் அந்த ‘முன்பே’யில் இருக்கிறது. மனம் சோர்ந்து கிடப்பவரிடம் “எளிதில் கவலைப்படுவீர்களா?” என்று கேட்டால் ஆம் என்றுதான் சொல்வார். பேசுவது குணமா, நோயா என்று பிரிக்க முடியாது.

பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்பது கேள்விகள். இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லையா, தூக்கம் எப்படி என்பது போன்றவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 10 வந்துவிட்டால் மனச்சோர்வு என்று கணக்கு. பயிற்சிக்கு முன் அந்தக் கோட்டைத் தொட்டவர்கள் 3.9 சதவீதம், பயிற்சிக் காலத்தில் சராசரியாக 25.7 சதவீதம். 2010இல் வெளியான முடிவு இது.

அதிகம் தடுமாறியவர்களில் பதற்றக் குணம் மிகுந்தவர்கள் முன்னால் நின்றார்கள். இரவு மூன்று மணிக்குப் பொட்டாசியம் மருந்து எழுதிவிட்டு இருவர் படுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தூங்கிவிடுகிறார். மற்றவர் எழுந்து போய் அளவைச் சரிபார்க்கிறார். சரியாகத்தான் இருக்கிறது, இருந்தும் கண் மூடவில்லை. (எனக்கு உடம்புக்கு வந்தால் இவரிடம்தான் போவேன்.) தூக்கம் கெட்டால், அச்சத்தைக் கிளப்பும் மூளைப் பகுதியான அமிக்டலாவின் மேல் முன்மூளைக்கு இருக்கும் பிடி தளர்கிறது. மறுநாள் மூத்த மருத்துவரின் சின்னக் கடிந்துரையும் ஆழத் தைக்கிறது. அன்றிரவுத் தூக்கமும் போகிறது.

குணத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் நிர்வாகங்களுக்கு வசதிதான். ஆனால் 2022இல் 17,000க்கும் மேற்பட்ட பயிற்சி மருத்துவர்களின் தரவுகளை அலசியபோது, வாரம் 40-45 மணி நேரம் உழைத்தவர்களின் மனச்சோர்வு மதிப்பெண் 1.8 ஏறியிருந்தது; 90 மணியைத் தாண்டியவர்களுக்கு 5.2. பதற்றக் குணத்தின் பங்கைக் கணக்கில் சேர்த்துக்கொண்ட பிறகும் தெரிந்த வித்தியாசம் இது.

அங்கே 2003 முதல் வாரத்துக்கு 80 மணி என்று உச்சவரம்பு உண்டு. அது நான்கு வாரச் சராசரிக்குத்தான். 95 மணி ஓடிய வாரத்தை அடுத்த வாரத்தின் 65 மணி காகிதத்தில் சரிக்கட்டிவிடும்.