தீபாவளிக்குப் பிஞ்சு, பொங்கலுக்கு முற்றல்

கடை இஞ்சியை ஒடித்தால் உள்ளே நார் நாராக நீட்டிக்கொண்டு நிற்கும். மாடியில் ஐந்து மாதம் வளர்ந்த இஞ்சியோ வெள்ளரிப் பிஞ்சு மாதிரி ‘படக்’கென்று முறியும். தோலைச் சீவக்கூட வேண்டாம், நகத்தால் சுரண்டினால் போதும். இரண்டும் ஒரே பயிர்தான், வயதுதான் வேறு.

இஞ்சியை வேர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அது மண்ணுக்குள் படுத்தபடி வளரும் தண்டு. வளையம் வளையமாகக் கணுக்கள் தெரிவது அதனால்தான். மேலே தண்டு போல நிற்பது, வாழையில் இருப்பது போல, ஒன்றை ஒன்று சுற்றிய இலையுறைகள். நட்ட துண்டிலிருந்து ஒரு முளை மேலே போகும். அதன் அடி பருத்துக் கிழங்காகும். அந்தக் கிழங்கின் பக்கக் கணுவில் அடுத்த முளை வரும். இப்படி விரல் விரலாகப் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே தொட்டி ஓரடி ஆழம் இருந்தால் போதும், அகலம்தான் முக்கியம்.

நார் எங்கிருந்து வருகிறது? இலைக்குத் தண்ணீர் ஏற்றவும், இலை தயாரித்த சர்க்கரையைக் கீழே இறக்கவும் கிழங்குக்குள் குழாய்கள் ஓடுகின்றன. வயதாக ஆக அவற்றைச் சுற்றியுள்ள செல்களின் சுவரில் லிக்னின் படிகிறது. மரத்தைக் கெட்டியாக்கும் அதே பொருள்தான். கூடவே மாவுச்சத்தும் சேர்கிறது. இஞ்சிச் சாற்றைத் தெளியவைத்தால் அடியில் வெள்ளையாகத் தங்குமே, ‘சுண்ணாம்பு’ என்று பாட்டிமார் கொட்டிவிடுவார்களே, அது பெரும்பாலும் இந்த மாவுதான்.

காரத்தின் கதை தனி. பச்சை இஞ்சியின் காரத்துக்குக் காரணம் ‘ஜிஞ்சரால்’ என்ற வேதிப்பொருள். காயும்போது அதிலிருந்து ஒரு நீர் மூலக்கூறு கழன்று ஷோகால் ஆகிறது (ஜப்பானியர் இஞ்சியை ‘ஷோகா’ என்பார்கள், பெயர் அங்கிருந்து வந்தது). ஷோகாலுக்குக் காரம் இன்னும் அதிகம்; சுக்கு சுரீரென்று ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பிஞ்சைக் காயவைத்துச் சுக்காக்க நினைக்காதீர்கள். பெரும்பகுதி தண்ணீர், சுருங்கித் தோல்தான் மிஞ்சும். அதற்கு எலுமிச்சைச் சாறும் உப்பும்தான் சரி. முளையின் அடியில் இளஞ்சிவப்பாக இருக்கும் செதிலில் ஆந்தோசயனின் என்ற நிறமி உண்டு. புளிப்பு பட்டதும் அது ரோஜா நிறம் காட்டும். ஜப்பானில் சுஷியோடு வைக்கும் இஞ்சி ஊறுகாய் இயல்பாகவே சிவப்பது இப்படித்தான்.

வைகாசியில் நடலாம். கட்டைவிரல் அளவு, 20 முதல் 25 கிராம் துண்டு. ஒரு முளையாவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெட்டிய வாய் ஓரிரு நாள் காயட்டும். இரண்டு அங்குல ஆழம் போதும், கொஞ்சம் நிழலும் வேண்டும். முதல் வருடம் நான் பாசத்தில் தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். செடி மஞ்சளாகிச் சாய்ந்தது, தோண்டினால் கிழங்கு கூழாகி நாறியது. ஈரம் தேங்கினால் பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிர் புகுந்து அழுக வைக்கும். இப்போது மணலும் தேங்காய் நார்க்கழிவும் தாராளமாகக் கலக்கிறேன், விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர்.

தீபாவளி சமயத்தில் செடியைப் பிடுங்க வேண்டாம். ஓரத்து மண்ணை விலக்கினால் தெரிகிற விரல்கள்தான் கடைசியாக வந்தவை, அதாவது ஆக இளசு. வேண்டியதை ஒடித்துக்கொண்டு மண்ணை மூடிவிடலாம். மிச்சம் தை வரை முற்றட்டும். இலை பழுக்கும்போது தோண்டி, இலையோடு ஒரு கொத்தைப் பொங்கல் பானைக்குக் கட்டலாம். ஒரு நல்ல விரலை மட்டும் மணலில் புதைத்து வைத்துவிடுங்கள், அடுத்த வைகாசிக்கு.