கின்சேயஞேரா: பதினைந்து நிறைந்தவள்

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த விடுமுறையில் அக்கா மகள் என் அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்துப் போனாள். எரிகா சாஞ்செஸ் எழுதி 2017இல் வெளிவந்த ‘ஐ ஆம் நாட் யுவர் பெர்ஃபெக்ட் மெக்சிகன் டாட்டர்’. திருப்பிக் கொடுத்தபோது ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘சடங்கு?’ என்று எழுதியிருந்தாள். வாயாலும் கேட்டாள்: “சித்தி, இவங்க ஊர்லயும் வயசுக்கு வந்தா சடங்கு சுத்துவாங்களா?”

கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று இரவே அந்தப் பதில் உறுத்தத் தொடங்கியது. அவள் அந்தக் கேள்விக்குறியை வைத்தது கின்சேயஞேரா என்ற சொல்லுக்கு; மெக்சிகோக் குடும்பங்களில் பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறையும்போது எடுக்கும் விழா. அதற்குத் தமிழில் ‘சடங்கு’ என்றோ ‘பூப்புனித நீராட்டு விழா’ என்றோ எழுதினால் படிப்பவருக்குச் சட்டென்று புரிந்துவிடும். ஆனால் புரிவது வேறொன்றாக இருக்கும்.

கதையில் அந்தச் சொல் நிற்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹூலியா சிகாகோவில் வளரும் பெண். அவளுடைய பெற்றோர் மெக்சிகோவிலிருந்து முறையான தாள்கள் இல்லாமல் எல்லை கடந்து வந்தவர்கள். அம்மா பிறர் வீடுகளைச் சுத்தம் செய்கிறார், அப்பா மிட்டாய்த் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். சொன்ன சொல் தட்டாமல் வீட்டோடு இருந்த அக்கா ஓல்கா விபத்தில் இறந்துபோகிறாள். மிஞ்சியிருக்கும் ஹூலியாவோ எழுத்தாளராக வேண்டும், வெளியூரில் போய்ப் படிக்க வேண்டும் என்று நிற்பவள். அவள் கேட்காத, அவளுக்குப் பிடிக்காத ஒரு கின்சேயஞேராவை, வயது தாண்டிய பிறகும், வீட்டில் நடத்தியே தீர்கிறார்கள்.

இனி சொல். ஸ்பானிய மொழியில் ‘கின்சே’ என்றால் பதினைந்து. லத்தீனில் பதினைந்தைக் குறிக்கும் ‘குவின்டெசிம்’ தேய்ந்து வந்தது அது. ‘அஞோ’ என்றால் ஆண்டு. இதன் மூலம் லத்தீன் ‘அன்னுஸ்’. கடைசியில் நிற்கும் ‘ஏரா’ பெண்பால் விகுதி, ஆணானால் ‘ஏரோ’. ஆக, பதினைந்து ஆண்டுக்காரி, பதினைந்து வயதுப் பெண். சொல்லின் நேர்ப்பொருள் அவ்வளவுதான். அதில் விழாவும் இல்லை, நீராட்டும் இல்லை.

‘அன்னுஸ்’ என்பதன் இரட்டை னகரம்தான் ஸ்பானிய மொழியில் தலைமேல் சுழியிட்ட ஒற்றை எழுத்தாக மாறியது. எழுதுபவர்கள் இரண்டு எழுத்தை ஒன்றாக்கி, விடுபட்டதை மேலே ஒரு சிறு கோடாகக் குறித்தார்கள். அந்தக் கோடு நாளடைவில் எழுத்தின் உறுப்பாகவே ஆகிவிட்டது. அதன் ஒலி அப்படியே நம் ஞகரம். ஞாயிறு, ஞாலம் என்று சொல்லும்போது நாக்கு எங்கே படுகிறதோ அங்கேதான் அதற்கும் படும். ஆங்கில நெடுங்கணக்கில் அதற்குத் தனி எழுத்து கிடையாது, நமக்கு உண்டு. எனவே ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘குயின்சியனேரா’ என்று எழுத வேண்டிய தேவை தமிழருக்கு இல்லை. ‘கின்சே’யும் ‘அஞேரா’வும் சேரும் இடத்தில் இரண்டு உயிர்கள் முட்டுகின்றன. ‘ஏ முன் இவ்விருமையும்’ என்கிறது நன்னூல், அதாவது ஏகாரத்துக்குப் பின் யகரமும் வரலாம், வகரமும் வரலாம். யகரத்தை இட்டுக் ‘கின்சேயஞேரா’ என்று எழுதினால் ஸ்பானிய ஒலியும் கெடாது, தமிழ் இலக்கணமும் கெடாது. வேற்றுமொழிச் சொல் இவ்வளவு பொருத்தமாக நம் எழுத்தில் வந்து உட்காருவது அபூர்வம். இதை எழுதிப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

மெக்சிகோவில் விழாவை ‘பதினைந்து ஆண்டு விழா’ என்ற பொருளில் ‘ஃபியெஸ்தா தே கின்சே அஞோஸ்’ என்பார்கள், அழைப்பிதழில் பதினைந்தை ரோமன் எண்ணில் பொறிப்பார்கள். கின்சேயஞேரா என்பது அந்தப் பெண்ணைத்தான் குறித்தது. அமெரிக்காவின் ஆங்கிலப் பேச்சில்தான் அது விழாவின் பெயராக இறுகிவிட்டது. எல்லை கடந்த சொல் பெண்ணிலிருந்து விருந்துக்கு இடம் மாறியிருக்கிறது. இந்த நாவலைப் படித்தவர்களுக்கு அது சாதாரண மாற்றமாகத் தோன்றாது. அங்கேயும் விருந்து பெரிதாகப் பெரிதாக, யாருக்காக நடக்கிறதோ அந்தப் பெண் சிறுத்துக்கொண்டே போகிறாள்.

விழா கோயிலில் தொடங்கும். கத்தோலிக்கக் குடும்பங்கள் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுத்து, பெண்ணுக்குப் பாதிரியாரின் ஆசி பெறுவார்கள். இது திருமுழுக்கு போன்ற அருட்சாதனம் அல்ல, ஆசி மட்டுமே. அமெரிக்க மறைமாவட்டங்களுக்காக வத்திக்கான் 2007இல் ஏற்பளித்த சடங்குமுறையின் பெயரும் ‘பதினைந்தாம் பிறந்தநாள் ஆசி’ என்றுதான் இருக்கிறது. பிறகு மண்டபம். தரையைக் கூட்டும் அகன்ற கவுன், தலையில் சிறு கிரீடம், உடன் ஆட இளைஞர்களும் தோழிகளும். பதினான்கு இணைகளோடு அவளும் அவள் துணைவனும் சேர்ந்து பதினைந்து என்று கணக்கு வைப்பது பழைய முறை. அப்பா தரையில் குனிந்து மகளின் தட்டைச் செருப்பைக் கழற்றிக் குதிகால் உயர்ந்த செருப்பை மாட்டிவிடுவார். இருவரும் வால்ட்ஸ் ஆடுவார்கள். ‘கடைசிப் பொம்மை’ என்று ஒன்றைக் கையில் வாங்கி, தங்கைக்கோ வேறொரு சிறுமிக்கோ கொடுத்துவிடுவாள். இதன் வேர் மெக்சிகோவின் பழங்குடிகளான அஸ்டெக்குகளிடம் இருக்கிறது என்று பெருமையோடு சொல்பவர்கள் உண்டு. இன்று கண்ணில் படும் கவுனும் வால்ட்ஸும் திருப்பலியும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

செலவைப் பகிர்ந்துகொள்ளப் ‘பத்ரீனோ’க்கள் இருப்பார்கள். ஞானத்தந்தை என்பது அதன் பொருள். கேக்குக்கு ஒருவர், உடைக்கு ஒருவர், மண்டபத்துக்கு ஒருவர். நம் மாமன் சீரைப் போலத் தோன்றும். ஆனால் சீர் தாய்மாமன் என்ற உறவின் கடமை. இது பல பேர் மனமுவந்து பிரித்துத் தூக்கும் சுமை.

இப்போது அக்கா மகளின் கேள்விக்கு வருகிறேன். நம்மிடம் இந்தப் பருவத்துக்கு எத்தனை சொற்கள்! பூப்பெய்தினாள், சமைந்தாள், திரண்டாள், ருதுவானாள், வயசுக்கு வந்தாள், பெரியவள் ஆனாள். ஈழத்தில் சாமத்தியப்பட்டாள், பெரியபிள்ளை ஆனாள். ஏறக்குறைய எல்லாமே உடலைப் பார்த்துப் பிறந்த சொற்கள். பூப்பு என்றால் பூத்தல். சமைதல் என்றால் பக்குவமாதல், அடுப்பில் வைத்த சோறு சமைவதும் அதே சொல்தான். உடல் எந்த நாளில் சொல்கிறதோ அந்த நாள்தான் நாள். அது பதினொன்றிலும் வரலாம், பதினான்கிலும் வரலாம். பிறகு தீட்டு, பச்சை ஓலைக் குடிசை, தனித்தட்டு, நீராட்டு. விழா அதற்கப்புறம்தான் வருகிறது.

கின்சேயஞேராவில் உடல் பேச்சே கிடையாது. நாட்காட்டிதான் நாள் குறிக்கிறது. ஒதுக்கி வைப்பது இல்லை, தீட்டு இல்லை. அதைப் ‘பூப்பு நீராட்டு’ என்று மொழிபெயர்த்தால் அந்த மெக்சிகோ வீட்டுக்குள் இல்லாத ஓலைக் குடிசை ஒன்றை நாமே கட்டிவைத்தவர்கள் ஆவோம்.

ஒப்பிடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. டொராண்டோவிலும் இலண்டனிலும் பாரிஸிலும் ஈழத் தமிழர் வீடுகளில் நடக்கும் சாமத்திய வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த நாவலின் மண்டபம் புதிதாக இருக்காது. ஊரை விட்டு வந்தவர்கள் ஊரில் செய்ததைவிடப் பெரிதாகச் செய்கிறார்கள். கடன் வாங்கியாவது செய்கிறார்கள். மகளை அலங்கரித்து நிறுத்தி, நாங்கள் இன்னும் நாங்களாகவே இருக்கிறோம் என்று உறவுக்குக் காட்டுகிறார்கள். ஹூலியாவின் அம்மா நிற்பதும் அந்த இடத்தில்தான். அவரைக் கொடியவராக என்னால் படிக்க முடியவில்லை. ஒரு மகளை இழந்தவர், கையில் இருக்கும் மகளைத் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறார். இரு விழாக்களும் ஒத்திருப்பது இந்தத் தவிப்பில். சொல் அந்தத் தவிப்பிலிருந்து பிறக்கவில்லை என்பதால்தான் பெயரை மாற்றிப் போடாதீர்கள் என்கிறேன்.

‘மடந்தை விழா’ என்று வைத்தால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். நம் மரபில் பெண்ணின் பருவங்கள் ஏழு. அவற்றில் மடந்தை பதினான்கிலிருந்து பத்தொன்பது வரை. வயது துல்லியமாகப் பொருந்துகிறது. இன்றைய இளையோர் நாவல்கள் யாரைப் பற்றி எழுதப்படுகின்றனவோ அந்த வயதும் ஏறத்தாழ அதுவே. ஆனால் அச்சொல்லுக்குள் ‘மடம்’ இருக்கிறது. ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’ என்று அதற்குப் பொருள் சொன்னார்கள் உரையாசிரியர்கள். பெரியவர்கள் கற்பித்ததை ஏற்று, ஏற்றதைக் கைவிடாதிருப்பது. ஓல்காவைப் பற்றி ஊர் நினைத்தது அதைத்தான். ஹூலியா அல்லும் பகலும் மறுப்பதும் அதையேதான். அவள் விழாவுக்குப் போய் அந்தப் பெயரை வைப்பது அவளுக்கு இழைக்கும் அநீதி.

என் பரிந்துரை இது. பெண்ணைக் குறிக்கையில் கின்சேயஞேரா என்றே எழுதலாம், முதல் முறை ‘பதினைந்து நிறைந்தவள்’ என்று பக்கத்தில் விளக்கிவிட வேண்டும். விழாவுக்குப் ‘பதினைந்து நிறைவு’. குழந்தையின் முதல் பிறந்தநாளை ஆண்டு நிறைவு என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு இது அந்நியமாக இராது. ‘பதினைந்து வயது விழா’ என்று எழுதினால் குழப்பம் வரும். நம் வீடுகளில் “பதினஞ்சு நடக்குது” என்றால் நிறைந்தது பதினான்குதான். ‘நிறைவு’ என்ற சொல் அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது.

இதையெல்லாம் அக்கா மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ எனக்கும் பதினஞ்சு நிறைஞ்சிருச்சே சித்தி” என்றாள். அவள் எழுதிய ‘சடங்கு?’ என்ற சொல்லை அழிக்காமல், அதற்குக் கீழே அதே பென்சிலால் ‘பதினைந்து நிறைவு’ என்று எழுதிவைத்திருக்கிறேன்.