ஒரு கொட்டைக்கு ஒரு துளை

கலிபோர்னியாவின் ஓக் காடுகளில் சில மரங்கள் தூரத்திலிருந்து பார்த்தால் அம்மைத் தழும்பு விழுந்தது போலத் தெரியும். கிட்டே போனால் அடிமரம் முதல் கிளை வரை துளைகள், துளைக்கு ஒன்றாக ஓக் கொட்டை. பெரிய மரமானால் 50,000 துளைகள் வரைகூட இருக்கலாம். ஏகார்ன் மரங்கொத்திகளின் குதிர் இது.

துளையும் கொட்டையும் அளவு பொருந்த வேண்டும், அதில்தான் சூட்சுமம். தளர்வாக இருந்தால் அணிலோ ஜே பறவையோ உருவிக்கொண்டு போய்விடும். ரொம்ப இறுகினால் ஓடு விரிந்து கொட்டை அழுகும். அதனால் பறவை கொட்டையைக் கவ்விக்கொண்டு துளை துளையாக வைத்துப் பார்க்கும். பொருந்தியதும் கூர்முனையை உள்ளே விட்டு அலகால் தட்டி இறுக்கும். அத்தோடு விட்டுவிட முடியாது. காயக் காயக் கொட்டை சுருங்கி ஆடத் தொடங்கும். எடுத்துச் சின்னத் துளைக்கு மாற்ற வேண்டும். குளிர்காலம் முழுக்க இதே வேலை.

மரம் பட்டுப்போகாதா? பெரும்பாலும் போகாது. தடித்த பட்டையிலும் காய்ந்த கிளையிலும்தான் கொத்துகின்றன.

ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சில நூறு துளைகள்தான் புதிதாகப் போடும். அப்படியென்றால் ஆயிரக்கணக்கான துளைகள் கொண்ட மரம் பல தலைமுறைகளின் உழைப்பு, அதாவது பரம்பரைச் சொத்து. வளர்ந்த பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போகாமல் இருந்து தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டுவதற்கு இந்தச் சொத்து ஒரு முக்கியக் காரணம். கார்மல் பள்ளத்தாக்கில் உள்ள ஹேஸ்டிங்ஸ் காப்பகத்தில் 1968 முதல் இந்தக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள்.

கூட்டுக்குடும்பம் என்றதும் ஒற்றுமையை நினைத்துவிட வேண்டாம். இரண்டு மூன்று பெண் பறவைகள் ஒரே பொந்தில் முட்டையிடும். முந்திக்கொண்டவளின் முட்டையை மற்றவள் வெளியே தூக்கிப் போய் உடைப்பாள். உடைந்ததைக் குடும்பமே தின்னும், சிலநேரம் பெற்றவளும் சேர்ந்தே. எல்லோரும் ஒரே நாளில் முட்டையிடத் தொடங்கும்வரை இது ஓயாது.

நல்ல குதிர் மரமுள்ள குடும்பத்தில் இனப்பெருக்கம் செய்யும் பறவை செத்துவிட்டால் சுற்றுவட்டாரமே கூடிவிடும். அக்கா தங்கைகளோ அண்ணன் தம்பிகளோ அணி சேர்ந்து அந்த இடத்துக்காகச் சண்டை போடும். சண்டை நாள்கணக்கில் நீளும். பறவைகளின் முதுகில் சின்னஞ்சிறு ரேடியோ கருவி பொருத்திக் கண்காணித்த ஆய்வாளர்கள் 2020-இல் ஒரு வேடிக்கையைச் சொன்னார்கள். சண்டையில் சேராத பறவைகளும் 3 கிலோமீட்டர் தள்ளியிருந்துகூடப் பறந்து வருகின்றன. தங்கள் குதிர் மரத்தைக் காவலின்றி விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் போலக் கிளையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புகின்றன.